அத்தையின் கோழிகள் பெட்டிக்குப் பழகிய கதை

என் மாமியாருக்கு நான் தரவேண்டியிருந்த கடன் பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் கிடந்த மாதங்களின் வாடகை, மருந்து, அரிசி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து நானூறு. மீதி ஐம்பது, ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டிக்கூலி. "அந்த அம்பதையாவது விட்டுடேன்மா" என்று என் மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஏன், வண்டிக்காரன் எங்கிட்ட விட்டானா?" என்று கேட்டார் அத்தை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அத்தை பிரசவ வார்டில் ஆயாவாக வேலை பார்த்தவர். அவர் வேலையிலிருந்து நின்றதும் நான் கீழே விழுந்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. ஒரு தகரப் பெட்டியோடு என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவர், என் கை கூடின பிறகும் இருந்தார். எதற்காக இருக்கிறார் என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவரே சொல்லிவிடுவார்.

"மாப்ள தரவேண்டியது பாக்கி இருக்கு. வாங்கினதும் அன்னிக்கே கிளம்பிடுவேன்."

மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது அவருக்கு. கடன் வசூலிக்க வந்தவர் என்றால் மரியாதை. கூட வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி பக்கத்து ஊரில் மாடி அறை ஒன்றை வைத்துக்கொண்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது செங்குத்தான படி, அத்தைக்கோ முழங்கால் சரியில்லை. அந்த மாடியைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே என் மனைவி எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவ்வப்போது கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன். எனக்குப் பட்டறையில் வேலை. வீட்டுக் கூரைகளின் உள்பக்கம் ஒட்டுகிற பூவும் கொடியும் வெள்ளைச் சுண்ணக் கலவையில் வார்க்கிற இடம் அது. மூட்டை தூக்குவது, கலவை குழைப்பது, அச்சில் ஊற்றுவது என் பங்கு; விழுந்த பிறகு சாரம் ஏறுவதில்லை. அந்தக் கூலியில் மிச்சம் பிடிப்பதும் சல்லடையில் தண்ணீர் பிடிப்பதும் ஒன்றுதான். கடைசியில் கடன்காரனுக்கு வழி கண்டுபிடித்ததும் கடன் கொடுத்தவரேதான்.

ஒருநாள் வேலை முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், பின்பக்கத்து முற்றத்தில் ஒன்பது வெடக்கோழிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்தன. இன்னும் முதல் முட்டை போடாத வயசு. கொண்டை வெளுத்து, கண் மட்டும் மிரண்டு.

"கோழி என் செலவு. தீனி உங்க செலவு. முட்டை வித்த காசு கடன்ல கழியும். சம்மதமா மாப்ள?" என்றார் அத்தை.

"சம்மதம் இல்லன்னா?"

"வித்தவன் வீட்டுக்குப் போயிட்டான். கூடு கட்டுங்க."

கட்டினேன். பட்டறையில் கழித்துப்போட்ட அச்சுப் பலகைகள் வீட்டுச் சுவரோரம் ஒரு அடுக்காகக் கிடந்தன. அதில் நல்லதாக உருவிக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டேன். பழக்கடைப் பெட்டிகள் மூன்றைக் கேட்டு வாங்கி, முட்டை போடுவதற்கென்று தனியாகச் செய்தேன். செய்தது வெள்ளைப் பூ வேலைக்காரன் அல்லவா, உள்ளே பளிச்சென்று சுண்ணாம்பு அடித்தேன். கோழிக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று பெட்டிகளைக் கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டினேன். ராத்திரி அடைகிற கம்பை அதற்குக் கீழே கட்டினேன். நாலு அடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

கோழிக்கு உயரம்தான் படுக்கை என்பது எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கம்பை ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதும் பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு தூங்கின. விடிந்து பார்த்தால் என் வெள்ளைச் சுண்ணாம்பு பூராவும் எச்சம். முட்டை போடுகிற வயசு வந்ததும் முட்டைகள் மட்டும் மற்ற எல்லா இடத்திலும் கிடைத்தன. தீனித் தட்டில் ஒன்று. நான் கழற்றிப்போட்ட பூட்சுக்குள் ஒன்று. மிச்சமெல்லாம் சுவரோரப் பலகை அடுக்கின் அடியில், கை நுழையாத இடுக்கில். குச்சி விட்டு உருட்டி எடுத்தால் பாதி உடைந்து வரும்.

அத்தை இடுப்பில் கைவைத்துப் பெட்டிகளை ஏறிட்டுப் பார்த்தார்.

"மாப்ள, இது என்ன?"

"முட்டைப் பெட்டி, அத்தை."

"கல்யாண மேடை மாதிரி இருக்கு. இவ்ளோ வெளிச்சத்துல, நாலு பேர் பாக்க, எந்தப் பொம்பளைக்குப் பிரசவம் ஆகும்? உங்களுக்கு ஆகுமா?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு முற்றத்தைத் தாண்டிக் கேட்டது.

அன்றைக்கே பெட்டிகள் முழங்கால் உயரத்துக்கு இறங்கின. கம்பு மேலே போனது. பழைய கறுப்புப் போர்வை ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு பெட்டிக்கும் திரை கட்டினார் அத்தை. கோழி தலையை விட்டுப் பார்க்கிற அளவுக்கு நடுவில் ஒரு கீறல். உள்ளே உதறி உலர்த்தின வைக்கோல். பொழுது சாய்ந்ததும் பெட்டி வாயைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, தூக்கத்தில் கிடக்கிற கோழிகளைக் கம்பில் ஏற்றி உட்கார வைப்பார். விடியும்போது பலகையை எடுப்பார். வெயில் நன்றாக ஏறி, முட்டை போடுகிற நேரம் தாண்டும்வரை ஒன்றையும் கூட்டுக்கு வெளியே விடமாட்டார்.

"அதுங்களுக்கு எங்க போடணும்னு தெரியாது மாப்ள. முன்னாடி ஒருத்தி போட்டிருந்தா, ஓ, இதான் எடம்போலன்னு இன்னொருத்தியும் அங்கயே போடும். முட்டை இருக்கற எடத்துலதான் முட்டை போடும். எனக்கு முட்டை செஞ்சு குடுங்க."

"நானா?"

"வேற யாரு? பூ செய்யறீங்க, கொடி செய்யறீங்க. முட்டை செய்யறதுக்கு என்ன?"

பட்டறையில் ஒரு நிஜ முட்டையை வைத்து அச்செடுத்து, மிச்சக் கலவையில் ஆறு முட்டை வார்த்தேன். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"என்னடா இது?"

"கோழிக்குங்க."

"கூரைக்குப் பூ போடச் சொன்னா கோழிக்கு முட்டை போடறியா? அப்படியே ஒரு சேவலும் ஊத்திடு. வேலை முழுசாகட்டும்."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு முட்டைகளைச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொண்டுவந்தேன். அத்தை அவற்றில் நீலப் பென்சிலால் ஒரு குறி போட்டார், விற்பனையில் கலந்துவிடக் கூடாதென்று. பெட்டிக்கு இரண்டாக வைக்கோலில் பதித்தார்.

கோழிகளுக்கு அத்தை பெயர் வைக்கவில்லை. வார்டுக் கட்டில் கணக்கில் ஒண்ணாம் பெட், ரெண்டாம் பெட் என்று காலில் நூல் கட்டி வைத்துக்கொண்டார். முதுகில் கை வைத்ததும் சிறகை விரித்துக் குந்துகிறதா, கொண்டை சிவந்திருக்கிறதா என்று பார்த்து, "இதை வார்டுக்கு எடுத்துக்கலாம்" என்பார். மூலையைக் கிளறிக்கொண்டு குந்தப் பார்க்கிற கோழியை இரண்டு கையாலும் அள்ளி, திரைக்குள் விட்டு, "போ தாயி, உள்ள போ, ஒண்ணும் ஆகாது" என்று வாசலை மறித்து நிற்பார். ஒன்று மட்டும் யாரோடும் சேராது. வேறு கோழி உள்ளே இருந்தால் வெளியே நின்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஸ்பெஷல் வார்டு என்று பெயர்.

எனக்கு விடுமுறையாக இருந்த ஒரு காலையில் நடுப் பெட்டியிலிருந்து பெரிய கொக்கரிப்பு கேட்டது. ஸ்பெஷல் வார்டு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ஊர் கூட்டுகிற மாதிரி கத்தியது. அத்தை கையை விட்டு எடுத்தார். நீலக் குறி இல்லாத முட்டை. சூடாக இருந்தது. என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"சுகப் பிரசவம் மாப்ள."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பழகின. மூன்று பெட்டி இருந்தும் எல்லாவற்றுக்கும் நடுப் பெட்டிதான் வேண்டும். வாசலில் வரிசை கட்டி நின்று ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் குளித்துவிட்டு நான் முற்றத்தில் ஒரு பலகை மேல் சாய்ந்தால், அத்தை என் இடுப்புக்கு ஒத்தடப் பை போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யாரைக் கொத்தினாள், யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். எனக்குக் கண் சொக்கும். அத்தை நிறுத்தமாட்டார்.

தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் முட்டைகளை எடுத்துக்கொண்டார். உடையாத, அழுக்கில்லாத, அன்றன்றைய முட்டையாக இருந்தால்தான் எடுப்பார். பெட்டி முட்டை அப்படித்தான் இருக்கும். வாராவாரம் காசு வந்தது. அத்தை அதை ஒரு டப்பாவில் போட்டு, பாக்கி எவ்வளவு என்று மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். பாக்கி குறையக் குறைய எனக்குத் தோளில் ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. என் மனைவி மட்டும் அந்த நேரம் பார்த்து எதையாவது தேடிக்கொண்டு உள்ளே போவாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன, யோசிக்கவில்லை.

பாதிக் கடன் தாண்டின சமயத்தில் கோழிகள் மாறிவிட்டன.

பெட்டியில் முட்டை குறைந்தது. நன்றாகப் பழகிவிட்டன என்று அத்தை இப்போது காலையிலேயே கூட்டைத் திறந்துவிடுவார், வெளியே வந்ததும் பலகை அடுக்கைப் பார்த்து ஓட ஆரம்பித்தன. முதலில் இரண்டு, பிறகு நாலு. ஸ்பெஷல் வார்டுகூட அங்கே போனது. குச்சி விட்டு எடுத்த முட்டையெல்லாம் மண்ணும் கீறலுமாக வந்தது. கடைக்குக் கொடுத்ததில் ஒன்றை ரொட்டிக்கடைக்காரர் மாவில் உடைத்து ஊற்ற, அது கெட்டுப்போன முட்டை. முழு மாவையும் கொட்டவேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை, அதுதான் அத்தைக்குத் தாங்கவில்லை. "பரவாயில்லம்மா, வயசாச்சு, கண் தெரிஞ்சிருக்காது" என்றாராம்.

"எனக்குக் கண் தெரியலையாம் மாப்ள. ராத்திரி விளக்குல ஊசிக்கு நரம்பு பாத்துச் சொல்லுவேன் நான். டாக்டரே கேப்பாரு எங்கிட்ட."

"அவர் சும்மா சொல்லியிருப்பார் அத்தை."

"எல்லாம் சரியாத்தானே செய்யறேன்? கை மறந்துபோச்சா எனக்கு? எதுல தப்பு?"

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வார்டில் ஏதோ கெட்டது நடந்துபோன நாளில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. என் மனைவி கதவு வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும், பலகை அடுக்கைப் பிரித்து வேறிடத்தில் போடச் சொன்னார் அத்தை. இடுப்பு விட்டுப் போயிருந்தது, ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கடைசிப் பலகையைத் தூக்கினேன். அடியில் யாரோ வைக்கோலைக் குச்சியால் தள்ளிக் குழிவாகப் பரப்பியிருந்தார்கள். அதன் நடுவில் இரண்டு முட்டைகள், பக்கத்தில் பக்கத்தில், நீலக் குறியோடு.

நான் வார்த்த முட்டைகள். பெட்டி வைக்கோலில் புதைந்து கிடக்கும் என்று நினைத்து அத்தை எண்ணாமல் விட்டவை.

அத்தை குனிந்து ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது நடந்து வந்துச்சா மாப்ள?"

நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். இருக்கிறது மூன்று பேர். கோழிக்கு முட்டையைத் தூக்கத் தெரியாது. அத்தைக்கு அவசியமில்லை. எனக்கு, கடன் தீரவேண்டும். மிச்சம் இருக்கிற ஒருத்தி சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். விடியும்போது கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறவளும் அவள்தான்.

அவள் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தாள். அத்தை தட்டை வைத்தார். தட்டில் சோறு இல்லை. அந்த இரண்டு முட்டைகள்தான் இருந்தன.

அவள் அவற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கோழி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள்.

"எந்தக் கோழி? இந்தக் கோழியா?" என்று அத்தை அவள் கன்னத்தில் விரலால் இடித்தார். "முட்டை இருக்கற எடத்துலதான் முட்டை போடும்னு நான் சொன்னதைக் காதுல வாங்கி, எனக்கே செஞ்சிருக்க. ஏண்டி? கடைக்காரர்கிட்ட என் பேரு கெட்டுது. என் கைமேல எனக்கே சந்தேகம் வந்துது."

"பேரு கெடணும்னு செய்யலம்மா."

"பின்ன?"

"டப்பா ரொம்பிட்டே வருது."

"ரொம்பணும்னுதானே கோழி வாங்கினது?"

"உனக்கு ரொம்பணும். எனக்கு வேணாம்." அவள் தட்டை நகர்த்தினாள். "ஊர்ல பொறந்த புள்ளைங்களையெல்லாம் நீதான் முதல்ல கையில வாங்கின. பகல் வார்டு, ராத்திரி வார்டு, லீவு போட்டவளுக்குப் பதிலா இன்னொரு வார்டு. நான் பக்கத்து வீட்டுல சாப்பிட்டேன், எதிர் வீட்டுல தூங்கினேன். உன்னைக் குத்தம் சொல்லல, நீ போகலன்னா அரிசி இல்ல. ஆனா இப்பதான் நான் வீட்டுக்கு வரும்போது நீ வீட்டுல இருக்க. கடன் தீந்தா மாடிக்குப் போயிடுவேன்னு நீ தினம் சொல்ற. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

"இருன்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இருந்திருப்பியா?"

அத்தை தட்டிலிருந்த முட்டைகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, சோற்றைப் போட்டார். குழம்பை ஊற்றினார். எனக்கும் போட்டார். சொன்னதை மட்டும் செய்கிற கூலிக்காரனாகவே அந்த வீட்டிலும் இருந்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது. கடன் வாங்கினவன் நான். அதைத் தீர்க்கத் தீர்க்க யார் வீட்டில் எது குறைகிறது என்று கேட்காமல் இருந்தவனும் நான்தான்.

விடிந்ததும் அத்தையின் உத்தரவு கேட்டது.

"நீதானே கெடுத்த? நீயே பழக்கு. கடைக்கு லீவு சொல்லு."

"சம்பளம் பிடிப்பாங்கம்மா."

"பிடிக்கட்டும்."

அந்த வாரம் என் மனைவி கூட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு கிடந்தாள். பலகை அடுக்கு இருந்த இடத்தைக் கூட்டிச் சுத்தமாக்கி, கல் பரப்பி, இருட்டு மூலையே இல்லாமல் செய்தேன். ஆனாலும் கோழிகள் அங்கேயே போய் நின்று, இருந்த வீடு எங்கே போனது என்று கேட்பதுபோல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. அவள் ஓடி ஓடிப் பிடித்தாள். பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் கையெல்லாம் கொத்து.

"வாலைப் பிடிக்காதடி. ரெண்டு பக்கமும் சிறகோட சேத்து அணை. துணி தேய்க்கற கை, இப்படியா அமுக்கும்? புள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கு."

"எனக்கு எந்தப் புள்ளை இருக்கு தூக்கறதுக்கு?"

"அதான் ஒன்பது இருக்கே. தூக்கு."

வேலை முடிந்து வந்து நான் ஜன்னல் பக்கம் படுத்திருப்பேன். முற்றத்தில் இரண்டு பேரும் பேசுவது கேட்கும். அத்தை அவளுக்கு வார்டுக் கதைகளைச் சொல்வார். இரட்டைக் குழந்தைகளை மாற்றிப் போட்டுவிட்டுத் திண்டாடிய நர்ஸ், மனைவிக்கு வலி வந்ததும் தான் மயங்கி விழுந்த புருஷன். என் மனைவி மூச்சு வாங்கச் சிரிப்பாள். இதையெல்லாம் அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கேட்கிற வயதில் சொல்ல ஆள் வீட்டில் இல்லை.

மெல்ல மெல்லக் கோழிகள் திரைக்குப் பின்னால் திரும்பின. வழக்கம்போல் நடுப் பெட்டிக்கு வரிசை. என் மனைவி வேலைக்குத் திரும்பிப் போனாள். விடுமுறை நாளில் மட்டும் கூட்டுக்கு முன்னால் அவளும் அத்தையும் சேர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படி ஒரு விடுமுறை நாளில் ரொட்டிக்கடைக்காரர் தானே வந்தார். மறுபடி முட்டை தரமுடியுமா என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கையில் ஒரு ரொட்டியோடு வந்தார். அத்தை அவரைக் கூட்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், திரையை விலக்கி, அன்றைய முட்டைகளைக் காட்டினார். ஒன்றை அவர் கையில் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். "கண் தெரியுதா?" என்று கேட்டார். கடைக்காரர் நெளிந்தார்.

"தப்பா சொல்லிட்டேம்மா. விடுங்க." பிறகு பேச்சை மாற்றுகிற அவசரத்தில், "வசூல் எந்த அளவுல இருக்கு? எப்பக் கிளம்பறீங்க?" என்றார்.

என் மனைவி கையிலிருந்த கோழியை இறுக்கிப் பிடித்தாள். அது கத்தியது. வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிடும். இந்தத் தடவை அத்தை திரையைச் சரிசெய்தார். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து வெளியே போட்டார்.

"எங்க கிளம்பணும்?"

"இல்ல, மாப்ள குடுக்கவேண்டியது..."

"எம் மாப்ள எனக்கு ஒண்ணும் குடுக்கவேண்டியதில்ல. இது எம் மக வீடு. நான் இங்கதான் இருக்கேன்."

கடைக்காரர் ரொட்டியைக் கொடுத்துவிட்டு, முட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தை, இன்னும் நாலாயிரத்து எழுநூறு இருக்கு. நான் தந்துடுவேன்."

"இல்ல மாப்ள."

"இல்லன்னா எப்படி? டப்பாவுல போட்டது போக..."

"குடுத்தவ நான். தீந்துதுன்னு நான் சொன்னா தீந்துது. இனிமே முட்டைக் காசுல முதல்ல உங்க இடுப்பை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒத்தடம் போட்டுப் போட்டு எங் கை ஓஞ்சுபோச்சு."

"தீந்தா அன்னிக்கே கிளம்புவேன்னு சொன்னியே?" என்றாள் என் மனைவி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நடுப் பெட்டியின் திரை அசைந்தது. உள்ளே ஸ்பெஷல் வார்டு வைக்கோலைப் புரட்டிக்கொண்டு இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாயை மூடுடி," என்றார் அத்தை மெதுவாக. "உள்ள ஆள் இருக்கு."